லிஸ்பன் மாநகரில் முதல் நாள்

பயணம் புறப்படுவோர் தாம் காணப்போகும் நகரை எண்ணி மகிழ்வது இயல்பு. நாங்கள் இருவரும் லிஸ்பன் நகருக்குப் புறப்பட்டபோது அவ்வாறு மகிழ்ந்தோமென்று சொல்வதற்கில்லை. பாரிஸ் நகரில் வாழும் எங்கள் மகளுடன் இரண்டு மாதம் தங்கியிருக்கச் சென்றிருந்தோம். பெற்றோர் நான்கு சுவர்களுக்குள் அடைந்து கிடக்கின்றனரே என்று கவலையுற்ற அவள், எங்களைக் கேளாமலே போர்த்துக்கல் நாட்டுத் தலைநகருக்கு விமானச் சீட்டு வாங்கிவிட்டாள். "அழகான ஊர், ஐந்து நாள் போய்ப் பாத்திட்டு வாங்கோ அம்மா" என்றாள்.

"நல்லூரை இடிச்சவன்ரை ஊரிலை எங்களுக்கு என்ன பிள்ளை அலுவல்?" என்பதே தாயின் மறுமொழி.

எங்களுள் ஒருவர் முப்பது ஆண்டுகள் தமிழும் சரித்திரமும் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. மற்றவர் காணிக் கந்தோர் ஒன்றில் இலிகிதராயிருந்து ஓய்வுபெற்றவர். வாசகர்கள் மயங்காதிருக்கும்பொருட்டு இக்கட்டுரையில் எங்களை ஆசிரியை என்றும் இலிகிதர் என்றுமே குறிப்போம். எங்கள் வீடு நல்லூர்க் கந்தன் கோயில் மணியோசை கேட்கும் தொலைவில் உள்ளது. 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்ததும், 1619இல் யாழ்ப்பாண அரசை அவர்கள் கைப்பற்றியதும், 1621இல் நல்லூர்க் கோயில் இடிபட்டதும், இறுதி மன்னனாகிய சங்கிலி குமாரன் 1623இல் கோவாவில் கொல்லப்பட்டதும் ஆசிரியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய செய்திகள். பிள்ளைகளுக்கு அவை பரீட்சைக்குரிய ஆண்டுகள். அவருக்கோ அவை தீராத கணக்கு. ஆயினும் சீட்டு வாங்கியாயிற்று, காசு வீணாகலாமோ? யூன் மாதத்து ஓர் இரவில் லிஸ்பன் சென்று இறங்கினோம்.

நாங்கள் தங்கிய விடுதி, செங்குத்தான தெருவொன்றிலுள்ள பழைய வீட்டின் மூன்றாம் மாடி. எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மையார் ஒருவர் அதனை நடத்துகின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. மறுநாட் காலையில் அவர் எங்கள் அறைக்கு வந்து, சிறு பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்வார்போல் ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லத் தொடங்கினார். பலகணியைத் திறந்து "ஜனேலா" என்றார். மேசையைத் தட்டி "மேசா" என்றார். கதிரையை நகர்த்தி "கதைரா" என்றார். கட்டிலின்மேல் மடித்து வைத்திருந்த துவாயை எடுத்து "துவாலியா" என்றார். பின்னர் நடைவழியே எங்களை அழைத்துச் சென்று, அடுப்படியைக் காட்டி, விரும்பினால் நாங்கள் அங்கே தேநீர் வைத்துக்கொள்ளலாமென்று சைகையால் உணர்த்தி, "குசீஞா" என்றார்.

ஆசிரியை அப்படியே நின்றுவிட்டார். திசைச்சொற்கள் என்னும் பாடத்தில் அவர் எத்தனை வகுப்புகளுக்கு இந்தப் பட்டியலைச் சொல்லியெழுதுவித்திருப்பார்! யன்னல், மேசை, கதிரை, வாங்கு, அலுமாரி, துவாய், லேஞ்சி, சப்பாத்து, களிசான், விறாந்தை, பாண், தாச்சி, குசினி. இவை யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்றவை என்பது அவர் அறியாததன்று. ஆனால் ஏட்டிலிருந்த சொல் வேறு. ஒரு கிழவியின் வாயிலிருந்து, அவள் வீட்டு அடுப்படியில், அவள் தாய்மொழியாகப் பிறக்கும் சொல் வேறு. "விளங்கிற்றா?" என்பதுபோல் அம்மையார் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஆசிரியை தலையை மட்டும் அசைத்தாரேயன்றி ஒன்றும் பேசவில்லை. படியிறங்கும்போது, "ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று இலிகிதர் வினவினார். "சொல்ல மனம் வரேல்லை" என்பதே விடை.

முதலில் நாங்கள் சென்றது நகரின் நடுவிலுள்ள றொசியு என்னும் சதுக்கம். அதன் தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமான சிறு கற்களால் கடலலைபோற் பதிக்கப்பட்டுள்ளது. தரை மட்டமானதே, ஆயினும் கண்ணுக்கு மேடும் பள்ளமுமாய்த் தோன்றும். கைத்தடியூன்றி நடக்கும் இலிகிதர் ஒவ்வோர் அடியையும் ஐயத்துடன் எடுத்து வைத்ததைக் கண்டு, அன்று முதன்முறையாக ஆசிரியை சிரித்தார்.

சதுக்கத்தின் வடபுறத்தே தூண்களுடன் எழுந்து நிற்பது தேசிய நாடக அரங்கு. அது நிற்குமிடத்தில் முன்னர் இருந்தது சமய விசாரணை மன்றத்தின் மாளிகை. 1536இல் போர்த்துக்கலில் நிறுவப்பட்ட அம்மன்றம் 1821இலேயே ஒழிக்கப்பட்டது. அரங்கின் அருகே, சாந்து தொமிங்கு ஆலயத்தின் முன்னால், வட்டமான கல்லில் யூதரின் நட்சத்திரம் பொறித்த நினைவுச்சின்னம் ஒன்றுண்டு. 1506ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் இந்நகர மக்களே தம்முடன் வாழ்ந்த, யூத குலத்தில் வந்த அயலவர் ஆயிரக்கணக்கானோரைச் சில நாட்களுள் கொன்றொழித்தனர். அதனை மறைக்காது நினைவுகூரும் அச்சின்னம் 2008இல் வைக்கப்பட்டது. அருகிலிருந்த சுவரிலே சகிப்புத்தன்மையின் நகரம் என்னும் கருத்துடைய தொடரைப் பல மொழிகளில் எழுதியிருந்தனர்.

ஆசிரியை அக்கல்லின் முன் நெடுநேரம் நின்றார். 1505இல் நம் தீவுக்குக் கப்பல் வந்தது. அடுத்த ஆண்டில் இங்கே இது நடந்தது. "தங்கடை அயலட்டைச் சனத்துக்கே இப்பிடிச் செய்தவை, கடல் தாண்டி வந்து எங்கடை கோயிலை விடுவினமோ?" என்றார். குரலில் சினம் இருந்தது. ஆனால் காலையிலிருந்த சினத்தினின்று அது சற்று வேறுபட்டதாகவே பட்டது. ஆலயத்தினுள்ளே சென்றோம். 1959இல் அதனைத் தீ விழுங்கியதாம். 1994இல் மீளத் திறந்தபோது கூரையைப் புதுக்கினரேயன்றி, வெடித்துச் சிதைந்த தூண்களைப் பூசி மறைக்கவில்லை. தழும்புகளோடேயே அத்தூண்கள் நிற்கின்றன.

அங்கிருந்து மேட்டில் ஏறினால் கார்மு மடத்தின் இடிபாடுகள். 1389இல் கட்டத் தொடங்கிய அவ்வாலயத்துக்கு இன்று கூரையில்லை. வானத்தின் குறுக்கே கல் வளைவுகள் மட்டும் விலா எலும்புகள்போல் நிற்க, நடுவே புல் முளைத்துள்ளது. 1755ஆம் ஆண்டு நவம்பர் முதலாந் திகதி, சகல புனிதர் திருநாட் காலையில், மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. உயிர் பிழைக்க ஆற்றங்கரைக்கு ஓடினோரைக் கடல் எழுந்து வாரிக்கொண்டது. எஞ்சிய நகரைப் பல நாட்கள் நின்றெரிந்த தீ அழித்தது. இறந்தோர் பல்லாயிரவர். அரண்மனையும் அதனுள்ளிருந்த பெருநூலகமும் சாம்பராயின. அந்நூலகத்தில் எழுபதினாயிரம் நூல்கள் இருந்தனவென்பர்.

1981இல் எங்கள் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்தவை ஏறக்குறைய தொண்ணூற்றேழாயிரம். ஒன்று இயற்கையின் சீற்றம், மற்றையது மனிதர் வைத்த தீ. இரண்டையும் ஒப்பிடுவது பொருந்துமோ அறியோம். ஆனால் மனம் அவ்வாறு தானே சென்றது.

கூரையற்ற அம்மண்டபத்தில் ஒரு கல்லின்மீது அமர்ந்தோம். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனத்துடன் சனமாக நாங்களும் வீட்டைப் பூட்டிவிட்டு மழையில் நடந்தோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது ஓடுமில்லை, வளையுமில்லை. நான்கு சுவரும், பின்புறத்தே புகை படிந்த குசினியுமே எஞ்சியிருந்தன. அந்தக் குசினிக்குத் தகரம் போட்டு அதனுள்ளேயே ஆறு மாதம் குடியிருந்தோம். இவற்றை நாங்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. "இஞ்சாருங்கோ, இவை கூரை போட வசதி இல்லாமலே இதை இப்பிடி விட்டிருக்கினம்?" என்று ஆசிரியை கேட்டபோது, அவர் எதனை நினைத்துக் கேட்டாரென்பது விளங்கிற்று. வசதியின்மையன்று, பார்த்து நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டது.

மடத்தின் முன்னாலுள்ள சிறு சதுக்கத்தில் ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறப் பூக்களைச் சொரிந்துகொண்டிருந்தன. 1974 ஏப்ரில் 25இல் போர்த்துக்கலின் சர்வாதிகார ஆட்சி முடிவுற்றது இச்சதுக்கத்திலேதான். அரசுத் தலைவர் இங்குள்ள படைமுகாமில் ஒதுங்கியிருந்து, ஈற்றிற் பணிந்தார். சனங்கள் படைவீரரின் துவக்கு வாய்களிற் செந்நிறப் பூக்களைச் செருகினர். அடுத்த ஆண்டில் அங்கோலா, மொசாம்பிக் முதலிய நாடுகள் விடுதலை பெற்றன. நம்மிடம் முதலில் வந்த ஐரோப்பியர், பிற நாடுகளை விட்டுப் போகக் கற்றது அவ்வளவு பிந்தியே.

மேட்டிலிருந்து இறங்கினால், நிலநடுக்கத்தின் பின்னர் மார்க்கீஸ் பொம்பால் என்னும் அமைச்சரின் ஆணையால் எழுந்த கீழ்நகர். நூல் பிடித்தாற்போன்ற நேர்த் தெருக்கள். மீண்டும் பூமி அதிர்ந்தால் விழாதிருக்கச் சுவர்களுக்குள்ளே மரச்சட்டங்களாற் கூடு கட்டி, அதன்மேற் கல்லும் சாந்தும் வைத்தனர். தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்களைச் சூட்டினர்: பொன் தெரு, வெள்ளித் தெரு, சப்பாத்துத் தைப்போர் தெரு. கடைசித் தெருவின் பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்த இலிகிதர், "சப்பத்தேய்ருஸ்! இஞ்சாரும், இது எங்கடை சப்பாத்து!" என்று தெருவென்றும் பாராது கூவினார். காணிக் கந்தோரில் அவர் கைபடாத தோம்பு இல்லை. போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்தெழுதிய அக்காணி இடாப்பின் பெயரும் இவர்களுடைய தோம்பு என்னும் சொல்லே. இந்நாட்டின் தேசியச் சுவடிச்சாலைக்கு இன்றும் 'தோம்புக் கோபுரம்' என்பதே பெயர் என்று அவர் ஆசிரியைக்கு விளக்கினார். ஆசிரியர் மாணவராகிய காட்சி அது.

நண்பகலின்பின் 15ஆம் இலக்க டிராம் வண்டியில் ஏறித் தேஜோ ஆற்றின் கரையோரமாக பெலேம் என்னுமிடத்துக்குச் சென்றோம். வழியில் ஆற்றின் மேலே செந்நிறப் பெரும்பாலமொன்று. 1966இல் திறந்தபோது அதற்குச் சர்வாதிகாரி சலாசாரின் பெயர். இன்று அதன் பெயர் 'ஏப்ரில் 25 பாலம்'.

பெலேமிலிருந்துதான் 1497 யூலை 8இல் வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களுடன் புறப்பட்டு, மறு ஆண்டு கள்ளிக்கோட்டையை அடைந்தார். அவ்வெற்றியின் செல்வத்தால் எழுந்ததே ஜெரோனிமஸ் மடாலயம். கீழைத்தேயத்திலிருந்து வந்த மிளகு முதலிய வாசனைச் சரக்குகளின் மீது இருபதிலொரு பங்கு வரி விதித்து அதனைக் கட்டினராம். வெண்கல்லிலே கயிறுகள் முறுகியோடுவதுபோலவும், கடற்பாசி படர்வதுபோலவும் செதுக்கியிருக்கும் திறனை வியவாதிருத்தல் எவர்க்கும் அரிது. தூண்கள் தென்னைகள்போல் ஓங்கி, உச்சியில் ஓலை விரிப்பதுபோல் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. "எங்கடை மிளகு" என்றார் ஆசிரியை, அண்ணாந்து பார்த்தவாறே.

வாயிலின் ஒரு பக்கத்தே காமாவின் கல்லறை. 1524இல் கொச்சியில் இறந்த அவரது எலும்புகளைப் பின்னாளில் தாயகத்துக்குக் கொணர்ந்தனர். கல்லுருவம் கைகூப்பியபடி படுத்திருக்கின்றது. எதிர்ப்பக்கத்தே இந்நாட்டின் பெருங்கவிஞர் கமோயிஸ். காமாவின் கடற்பயணத்தைப் பாடிய அவரது காவியம் 1572இல் வெளிவந்தது. அதன் முதற் செய்யுளிலேயே, தப்ரபேன் என்னும் பழம்பெயரால், இலங்கை இடம்பெறுகின்றது. நம் தீவு அவர்தம் வீரத்தை அளக்கும் ஒரு மைற்கல்லாய்ப் பாட்டுக்குள் நிற்கின்றது. "நாங்கள் அவையின்ரை பாட்டிலை, அவையின்ரை சொல் எங்கடை குசினியிலை" என்று ஆசிரியை மெல்லச் சொன்னார்.

மடாலயத்துக்கு அண்மையில் 1837 முதல் முட்டைக்கட்டியப்பம் செய்து விற்கும் கடையொன்றுண்டு. மொறுமொறுப்பான சிறு கிண்ணம்போன்ற மாவினுள்ளே, முட்டை மஞ்சட்கருவும் பாலும் சீனியும் சேர்ந்த களி. மேலே ஆங்காங்கே கருகிய புள்ளிகள். முட்டை உண்பதில் எங்களுக்குத் தடையில்லையாதலால் நான்கு வாங்கினோம். மேசையில் ஒரு சிறு குப்பி இருந்தது. அப்பத்தின்மேல் தூவுவதற்காம். ஆசிரியை அதனை முகர்ந்து பார்த்தார். கறுவா.

கோட்டை மன்னனிடம் போர்த்துக்கேயர் திறையாகக் கேட்டது இதனை. இதற்காகவே கோட்டை கட்டினர், போர் தொடுத்தனர், ஒன்றரை நூற்றாண்டு நம் கரைகளில் நின்றனர். இன்று அக்குப்பியில் இருப்பது எந்த நாட்டுக் கறுவாவோ! ஆனால் மணம் எங்கள் வீட்டு மணமே. ஆசிரியை தாராளமாகத் தூவி, ஓர் அப்பத்தை உண்டு முடித்தார்.

"எப்பிடி இருக்கு?" என்றார் இலிகிதர்.

"நல்லாத்தான் இருக்கு. அதுதான் கோபம்" என்றவர், இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

மாலையில் நகரின் நடுவுக்குத் திரும்பியதும் ஒரு கடமை இருந்தது. ஊரில் எங்கள் அயல்வீட்டு அம்மா கத்தோலிக்கர். இடம்பெயர்ந்த நாட்களில் தம் பிள்ளைகளின் பங்கிலிருந்து எங்கள் மகளுக்கும் கஞ்சி வார்த்தவர். நாங்கள் லிஸ்பன் செல்வதைத் தொலைபேசியிற் கேட்டவுடனே, "அந்தோனியார் பிறந்த ஊரெல்லே! என்ரை பேரிலை ஒரு மெழுகுதிரி கொளுத்திவிடுங்கோ" என்றிருந்தார். பாதுவை என்னும் ஊரின் பெயரால் உலகம் வழங்கும் புனித அந்தோனியார் பிறந்தது இந்நகரில். பேராலயத்தின் அருகே, அவர் பிறந்த இடமென்று போற்றப்படும் தலத்தில் ஒரு சிற்றாலயம் உண்டு. யூன் 13 அவர் திருநாளாதலால் தெருவெங்கும் வண்ணத்தாள் தோரணங்கள் ஆடின. திருநீறணிந்த நெற்றியுடன் ஆசிரியையே திரி வாங்கிக் கொளுத்தினார். அயலவர் பெயரையும், அவர் மக்கள் பெயர்களையும் ஒன்றும் விடாது சொல்லி நின்றார். நல்லூர்க் கோயிலை இடித்தோர் கொணர்ந்த சமயமே, எங்கள் பிள்ளைக்குக் கஞ்சி வார்த்த கையின் சமயம். இக்கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று இலிகிதருக்கும் தெரியவில்லை.

பொழுது சாயும் வேளையில் ஆற்றங்கரைப் பெருஞ்சதுக்கத்தை அடைந்தோம். வரைபடத்தில் அதன் பெயர் வணிகச் சதுக்கம். ஆனால் ஊரவர் இன்றும் சொல்வது 'அரண்மனை முற்றம்' என்றே. அங்கே அரண்மனை இல்லை. 1755இல் அழிந்த அது மீண்டும் அவ்விடத்தில் எழவில்லை. அரண்மனையோடு சேர்ந்திருந்த இந்தியப் பண்டகசாலையும் அன்றே அழிந்தது. நம் நாட்டுக் கறுவாவும் அவ்வழியே சென்றிருத்தல் வேண்டும். இரு தூண்களுக்கிடையே கற்படிகள் ஆற்றுநீருக்குள் இறங்கிச் செல்கின்றன. அப்படிகளில் அமர்ந்து, கடலை நோக்கிச் செல்லும் நீரைப் பார்த்திருந்தோம்.

"சங்கிலித்தோப்பு மாதிரி" என்றார் ஆசிரியை.

ஆம். நல்லூரில் அரண்மனை எங்கே? சங்கிலித்தோப்பு என்னும் பெயருண்டு. யமுனா ஏரி என்னும் பெயருண்டு. மந்திரிமனை என்னும் பெயருண்டு. அரசு போய் நானூறு ஆண்டுகளாகியும் எங்கள் ஊர்ச் சிறுவர் அப்பெயர்களைச் சொல்லியே வழிகாட்டுகின்றனர். இடித்தவனுடைய ஊரிலும் அரண்மனை போய்விட்டது. அவனுடைய ஊராரும் பெயரையே பற்றிக்கொண்டிருக்கின்றனர். 39 ஆண்டுகளே யாழ்ப்பாணத்தை ஆண்டு 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்று அகன்றவரின் சொற்களை, நாமும் நம்மை அறியாமலே அன்றாடம் ஆண்டுவருகின்றோம்.

இதனால் நல்லூரை மறந்துவிட்டோமென்று வாசகர்கள் கருதவேண்டாம். இடித்தது இடித்ததே. ஊர் திரும்பியபின் எந்தப் பிள்ளை கேட்டாலும் 1621 என்னும் ஆண்டை ஆசிரியை அதே அழுத்தத்துடன்தான் சொல்வார். ஆனால் அதனைச் செய்த நாட்டை நினைக்கும்போது, இனி வெறும் பீரங்கியும் கப்பலும் மட்டும் கண்முன் தோன்றமாட்டா. கூரையில்லாத ஒரு மண்டபமும், தன் குற்றத்தைக் கல்லில் எழுதிவைத்த ஒரு தெருவும் உடன் தோன்றும்.

விடுதிக்குத் திரும்பியபோது இரவு ஒன்பதரை மணி. விடுதி அம்மையார் உறங்காமல் காத்திருந்தார். நாங்கள் களைத்திருப்பதைக் கண்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். அப்போது ஆசிரியை முன்னே சென்று, அடுப்படியைச் சுட்டி, "குசினி" என்றார். அம்மையார் புருவத்தை உயர்த்தினார். ஆசிரியை மேசையைத் தொட்டு "மேசை" என்றார். கதிரையைத் தொட்டு "கதிரை" என்றார். கூடையிலிருந்த ரொட்டியைத் தொட்டு "பாண்" என்றார். வகுப்பறையிற் கேட்டுப் பழகிய அதே குரல்.

கிழவி ஒருகணம் வாயடைத்து நின்றார். பிறகு கைகொட்டிச் சிரித்தார். எங்கள் நாடு எதுவென்று கேட்டிருக்க வேண்டும். "சிலோன்" என்றோம். "செய்லாவ்!" என்று நெஞ்சிற் கைவைத்தார். அவருக்கு நம் நாட்டைப்பற்றி என்ன தெரியுமோ, நாங்கள் கேட்கவில்லை, கேட்க மொழியுமில்லை. அடுப்பிலிருந்த கீரைக்கஞ்சியை மூன்று கோப்பைகளில் வார்த்தார். பாணை அரிந்து வைத்தார். பின்பு கதிரையொன்றை இழுத்து, அதன் முதுகைத் தட்டி, இம்முறை தம் மொழியிலன்றி எங்கள் மொழியில், "கதிரை" என்றார்.

நாங்கள் அமர்ந்தோம்.